‘அருகே’

ஒருநாள் இரவு வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், எங்கள் மதுரைப் பதிப்பின் மாவட்டப் பக்கங்களை மேஜைமேல் விரித்துப் போட்டு, ‘அருகே’ என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். நான்கு பக்கங்களில் 61 வட்டம். திருமங்கலம் அருகே டூவீலர் மீது லாரி மோதல். மேலூர் அருகே கண்மாயில் மீன்பிடித் திருவிழா. வாடிப்பட்டி அருகே கோயில் உண்டியல் உடைப்பு. எங்கள் செய்திகளில் எதுவும் ஓர் ஊரில் நடப்பதில்லை. ஓர் ஊரின் அருகேதான் நடக்கிறது. உண்மையில் அது நடந்த ஊரின் பெயர் பத்து கிலோமீட்டர் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அதனால் பஸ் ஸ்டாண்டு உள்ள ஊர் ஒன்றைத் துணைக்குச் சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறோம்.

23 வருடமாக இந்தச் சொல்லோடுதான் குப்பை கொட்டுகிறேன். இந்தத் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய தவறும் இந்த ஒரு சொல்லில்தான். அதற்கு வருவதற்கு முன்னால் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதழியல் படிக்கலாமா, படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டு மாதம் இரண்டு பிள்ளைகளாவது பெற்றோரோடு வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் நின்றுகொண்டே சொல்ல முடியாததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டு, தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. இதழியல் சேர்ந்தேன். சன் நியூஸ் வந்த வருடம் அது. அதனால் வீட்டில் சம்மதம் வாங்க நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. “படிச்சு முடிச்சா டிவில நியூஸ் வாசிப்பியாடி?” என்று சித்தி கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு பொய்யில்தான் என் உயர்கல்வி ஆரம்பித்தது.

வகுப்பில் 17 பேர். துறை என்றால் இரண்டு அறை, ஒரு நூலக அலமாரி, பேஜ்மேக்கர் போட்ட ஒரே கம்ப்யூட்டர். அதற்கு ஒரு பூட்டு; பூட்டின் சாவி அலுவலக உதவியாளரின் இடுப்பில். பக்கம் வடிவமைக்கும் தாளில் முக்கால்வாசியைக் கரும்பலகையில் வரைந்தே படித்தோம். ஆறு காலம் எங்கே முடிகிறது, எட்டுக் காலம் எங்கே தொடங்குகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டுக் காட்டுவார்கள். மறுநாள் வந்தால் பக்கத்துத் துறையினர் அதை அழித்துவிட்டுப் பொருளாதாரம் எழுதியிருப்பார்கள்.

கோட்பாடுகளை மட்டும் அளவில்லாமல் கொட்டினார்கள். 1948இல் லாஸ்வெல் சொன்னது, 1972இல் மெக்கோம்ப்ஸும் ஷாவும் எழுதியது, எல்லாம். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு என்ற லாஸ்வெல்லின் ஐந்தையும் விடைத்தாளில் ஐந்து கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தால் பத்து மதிப்பெண். இதில் எங்களுக்குப் பெரிய வேடிக்கை, ‘வாயில்காப்போன்’ கோட்பாடு. டேவிட் மானிங் ஒயிட் என்பவர் 1950இல் எழுதியது. அமெரிக்காவில் சின்ன ஊர்ப் பத்திரிகை ஒன்றின் துணை ஆசிரியரை ஒரு வாரம் எழுதச் சொன்னார்: தந்தியில் வரும் செய்திகளில் எதையெல்லாம் ஒதுக்கினாய், ஏன் ஒதுக்கினாய் என்று. அந்த மனிதரும் ஒவ்வொன்றின் பின்னாலும் காரணம் குறித்துவைத்தார். ‘இடமில்லை’ என்பது அதில் அடிக்கடி வரும் காரணம். அவருக்கு ஒயிட் வைத்த பெயர் மிஸ்டர் கேட்ஸ். நாங்கள் வைத்த பெயர் துவாரபாலகர். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் கதாயுதத்தோடு நிற்பவரைப் பார்க்கும்போதெல்லாம் ‘சார், எங்க செய்தி உள்ள போயிருச்சா?’ என்று கேட்டுச் சிரிப்போம். அந்தக் கதையை என் கையிலேயே கொடுத்து நிற்க வைப்பார்கள் என்று அப்போது தெரியாது.

எது செய்தியாகிறது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் ‘அண்மை’ என்று ஒன்று. பக்கத்தில் நடந்தால் செய்தி. தொலைவில் நடந்தால் எண்ணிக்கை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் இன்றைக்கும் கூலி கொடுத்துக்கொண்டிருப்பது சட்டத் தாள்தான். பாடம் எடுத்தவர் பகுதிநேரமாக வந்த வழக்கறிஞர். கோர்ட் முடிந்து கறுப்புக் கோட்டோடு வருவார், வேர்வையோடு. முதல் வகுப்பில் அன்றைய நாளிதழைக் கையில் கொடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு சைஸில் இருக்கும் வரியை வாசிக்கச் சொன்னார். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், முகவரி. 17 பேரில் ஒருவரும் அதற்கு முன்னால் அதை வாசித்ததில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டம் போட வைத்த வரி அது. வெள்ளைக்காரன் யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். இன்றைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவருக்கு உதவுகிறது என்பார். 2023இல் புதுச் சட்டம் வந்து அந்தப் பழைய சட்டம் போய்விட்டது. வரி அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு நாள் ஒரு செய்தித் துண்டைச் சுற்றுக்கு விட்டார். பாலியல் வழக்கு ஒன்று. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அதில் இல்லை. அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 228-ஏ பிரிவு; இன்று எண் மாறி பாரதிய நியாய சன்ஹிதாவில் 72 ஆகிவிட்டது. “பேர் போடலை. அப்ப சட்டப்படி சரியா?” என்றார். சரி என்றோம். “இந்தப் பொண்ணை நான் நேர்ல பாக்கணும். எப்படிப் போவீங்க, சொல்லுங்க.” செய்தியைத் திரும்ப வாசித்தோம். இன்ன ஊர் அருகே இன்ன கிராமம். தந்தை அங்கே டீக்கடை வைத்திருப்பவர். பிள்ளை அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன். முன்பெஞ்சில் இருந்தவன் சொன்னான்: “பஸ்ஸ விட்டு இறங்கி டீக்கடை எங்கன்னு கேட்டாப் போதும் சார்.” அவர் எதுவும் விளக்கவில்லை. துண்டை வாங்கி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பிரிவுக்குப் போனார்.

இப்போது எங்கள் டெஸ்க்கில் போக்சோ வழக்கென்றால் ஊர்ப் பெயர் போகும், பள்ளி போகும், அப்பாவின் தொழில் போகும், குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக்காரர் என்றால் அந்த உறவும் போகும். ‘மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த’ என்பதற்கு மேல் அண்மை கூடாது. 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 23ஆம் பிரிவில் முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று விரித்தே சொல்லியிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவை நான் விளக்குவதில்லை. செய்தியைக் கொடுத்து, “எப்படிப் போவ?” என்று கேட்கிறேன்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது உள்ளடக்கப் பகுப்பாய்வு. மூன்று தமிழ் நாளிதழ்களில் ஒரு மாதம் பெண்களைப் பற்றி வந்த செய்தி எவ்வளவு என்று அளக்க வேண்டும். அளக்க என்றால் நிஜமாகவே அளப்பது. மர ஸ்கேலை வைத்துக் காலம் சென்டிமீட்டர் கணக்கில் 90 இதழ்களை அளந்தேன். ஹாஸ்டல் அறை முழுக்கப் பேப்பர். விரலெல்லாம் மை. ‘பெண்’ என்று நான் எண்ணியதில் பெரும் பங்கு கள்ளக்காதலும் செயின் பறிப்பும் சமையல் குறிப்பும்தான் என்று கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேல் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த ஸ்கேல் வீண் போகவில்லை.

2002இல் ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் பயிற்சித் துணை ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை ஸ்ட்ரிங்கர் பில் சரிபார்ப்பது. தாலுகாவுக்கு ஒருவர் என்று இருக்கும் பகுதிநேர நிருபர்கள், அந்த மாதம் தாங்கள் அனுப்பி வெளியான செய்திகளையெல்லாம் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டி அனுப்புவார்கள். அதை அளந்து, சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். எம்.ஏ. ஆய்வேட்டில் படித்த அதே வேலை. வித்தியாசம், இதில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் ஒரு வீட்டில் பால் பாக்கெட் குறையும். தலைப்பையும் சேர்த்து அளப்பதா வேண்டாமா என்று எழுத்தில் விதி இல்லை. நான் சேர்த்தே அளந்தேன். நான் அந்த வேலையில் இருந்த எட்டு மாதமும் ஸ்ட்ரிங்கர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர்.

அவர்களைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு பக்கம்கூட இருக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகை இவர்கள் தோளில்தான் நிற்கிறது. பலருக்கு அது முதல் தொழில் அல்ல. ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார், ஒருவர் எல்.ஐ.சி. ஏஜென்ட், ஒருவர் ஹோமியோபதி. மாதச் சம்பளம் என்று இல்லை. பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் விளம்பரம் பிடித்தால் கமிஷன். அதனால் எந்தக் கல்வி நிறுவனத்து முதலாளியைப் பற்றி எழுத முடியாது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. செய்தியையும் போட்டோவையும் ஒரு கவரில் போட்டு, மதுரை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து, பஸ் நம்பரைப் போனில் சொல்வார்கள். எங்கள் ஆபீஸ் பையன் சைக்கிளில் போய்ப் பேருந்து நிலையத்தில் வாங்கிவருவான். பஸ் பஞ்சரானால் செய்தி மறுநாள். அவசரம் என்றால் எஸ்.டி.டி. பூத்.

அந்த பூத்தில் இருந்துதான் அன்றைக்கு அழைப்பு வந்தது. 2003, ஆடி மாதம். இரவு எட்டே முக்கால். ஒன்பதரைக்கு டாக் எடிஷன் போக வேண்டும். வெளியூர்களுக்கு வண்டி ஏறும் பதிப்பு. கிடாவெட்டுக்குப் போய்த் திரும்பிய வேன் கவிழ்ந்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். ஸ்ட்ரிங்கர் மூச்சுவாங்க ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பின்னால் ஒரே கூச்சல். நான்காவது பெயர், அந்த வட்டாரத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும் குலசாமிப் பெயர். வயது 52. ஊர் புதுப்பட்டி. லைன் கட்டாகிவிட்டது.

எழுதினேன். எழுதும்போது ‘புதுப்பட்டியைச் சேர்ந்த’ என்று மொட்டையாக நின்றது. அப்படி விட்டால் சீனியர் அடித்துத் திருத்துவார். விபத்து நடந்த தாலுகாவில் ஒரு புதுப்பட்டி இருப்பது எனக்குத் தெரியும். அந்தத் தாலுகா ஊரின் பெயரைப் போட்டேன், ‘அருகே’ போட்டேன், ‘புதுப்பட்டி’ போட்டேன். வாக்கியம் நிறைந்துவிட்டது. படித்துப் பார்க்க அழகாக இருந்தது.

இறந்தவர் வேறு புதுப்பட்டிக்காரர். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வேறு தாலுகா. சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டுக்கு வந்திருக்கிறார். நான் எழுதிய புதுப்பட்டியிலும் அதே பெயரில் ஒரு விவசாயி இருந்தார். பேப்பர் வந்த அன்று காலையில் கத்திரிக்காய் மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் அலுவலகத்துக்கு வந்தார். வேட்டி, தோளில் துண்டு, மடித்த பேப்பர். பின்னால் ஒரு இளைஞன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்து டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி, ஊர் எல்லையில் இறங்கும்போதே கதறிக்கொண்டு வந்தவன். அவனுக்கு முன்னாலேயே இரண்டு ஊர்ச் சொந்தங்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்களாம். அவர் திண்ணையில் உட்கார்ந்து கத்திரிக்காய்க் காசை எண்ணிக்கொண்டிருந்தாராம். ஒப்பாரி வைக்க வந்த பெரியம்மா அவரைப் பார்த்து மயங்கி விழுந்ததில் நெற்றியில் தையல்.

கத்துவார் என்று நினைத்தேன். பேப்பரை மேஜைமேல் வைத்து, வரியின் மேல் விரலை வைத்தார். விரலில் இன்னும் மண் இருந்தது.

“செத்துட்டேன்னு போட்டிருக்கீக. சரி. ஆனா வயசு 52ன்னு போட்டிருக்கீகளே தாயி. எனக்கு 47தான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்தி ஆசிரியர் டீ வரவழைத்தார், மூன்று பேருக்கும். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அவன் போன்ல அந்த ஊர் அருகேன்னு சொன்னானா?”

“இல்ல சார். நான்தான் போட்டேன்.”

“ஏன் போட்ட?”

“போடணும்ல சார்.”

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “சும்மா புதுப்பட்டின்னு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றார். யாருக்கும் புரியாமல் போயிருக்கும். அவ்வளவுதான். ஒருவரும் செத்திருக்க மாட்டார். “திருத்தத்த நீயே எழுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏழாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போட்டோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து உண்மையில் இறந்தவரின் தம்பி வந்தார். சண்டை போட வரவில்லை, ஒரு கோரிக்கை. திருத்தத்தில் ‘இறந்தவர் இவர் அல்ல’ என்று போட்டீர்கள், யார் என்று போடவில்லையே என்றார். அவர்கள் ஊரில் பேப்பர் வாங்கும் ஒரே இடம் பஞ்சாயத்து ஆபீஸ். அங்கே இருந்த பேப்பரில் அண்ணன் சாவு வேறு ஊர்க் கணக்கில் இருந்தது. “காரியத்துக்கு வந்த ஆளுக பேப்பர்ல பாத்தோம்னு யாரும் சொல்லல” என்றார். எனக்கு அதற்கு என்ன பதில் சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு செய்தியை எந்தத் தலைப்பில் போடுவது? விதி இல்லை என்று சொல்லி அனுப்பினோம். போட்டிருக்கலாம். நான்கு வரி. இடம் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் டெஸ்க்கில் ஒரு பழக்கம் வந்தது. விபத்து, கொலை, தற்கொலை என்றால் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று அப்பா பெயரோடுதான் போகும். ஊருக்கு எஃப்.ஐ.ஆர்.; வயதுக்கு ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி. இரண்டும் முட்டினால் ஸ்டேஷன் ரைட்டருக்கு இன்னொரு போன். சந்தேக மரணத்துக்குப் போலீஸ் போடும் வழக்கை இன்றும் எல்லோரும் ‘174’ என்றுதான் சொல்கிறோம். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து அது 194 ஆன பிறகும் ரைட்டர் வாயில் 174தான். பெரியாஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டில் நோட்டைப் பார்த்து எழுதும் நிருபர், எழுத்துப் புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி எழுதாமல், நோட்டை எழுதியவரைத் தேடிப் போக வேண்டும். இதைச் சொல்லித்தர இரண்டு வருடம் எம்.ஏ. தேவையா என்றால், தேவையில்லை. எட்டாம் வகுப்புப் படித்த ஸ்ட்ரிங்கர் சிலர் இதில் எனக்கு வாத்தியார்கள்.

சரி, அந்த 17 பேர் என்ன ஆனார்கள்? பெற்றோர் கேட்பது அதைத்தான்.

நாளிதழில் இருப்பது என்னையும் சேர்த்து மூன்று பேர். சம்பளம் ஒரு காரணம். நான் சேர்ந்தபோது மாதம் 3,500 ரூபாய். வீட்டில் இருந்து அரிசி வந்தது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011இல் அறிவித்து, முதலாளிகள் வழக்குக்குப் போய், 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த அன்று எங்கள் கேன்டீனில் கேசரி. ஆனால் அதற்குள் பல இடங்களில் புதியவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர்களுக்குக் கேசரி மட்டும்.

இருவர் சென்னையில் செய்தி சேனல்களில். அதில் ஒருத்தி 14 வருடமாகத் திரைக்கு அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறாள். ஆறு சொல்லுக்குள் ஒரு மாநிலத்தின் பட்ஜெட்டைச் சொல்லிவிடுவாள். கல்யாணப் பத்திரிகையைக்கூட ஆறு சொல்லுக்கு மேல் வாசிக்கப் பொறுமை போய்விட்டது என்று புலம்புவாள்.

ஒருவன் டி.என்.பி.எஸ்.சி. எழுதி உதவி மக்கள் தொடர்பு அலுவலர் ஆனான். நாங்கள் டெஸ்க்கில் கிழித்துக் குப்பையில் போடும் செய்தி வெளியீடுகளை எழுதுவது அவன்தான். கலெக்டர் எங்கே போனாலும் பின்னால் போக வேண்டும். கூட்டத்தில் கலெக்டர் பின்னால் தெரியும் அரைத் தோள் அவனுடையது. “நாலு பக்கம் எழுதுறேன், நீங்க நாலு வரி போடுறீங்க. அந்த நாலு வரியாவது தப்பில்லாமப் போடுங்களேன்” என்பான். நியாயம்தான். ஆனால் அவனுடையது அரசு வேலை என்பதால் நான் அதிகம் பரிதாபப்படுவதில்லை.

மெரிட்டில் முதலாவதாக வந்த பெண், ஷாப்பிங் ஆப் ஒன்றுக்குத் தமிழ் எழுதுகிறாள். ‘கார்ட்டில் சேர்’ என்பதா, ‘கூடையில் சேர்’ என்பதா என்று மூன்று வாரம் மீட்டிங் நடந்ததாம். அவள் கூடை கட்சி. தோற்றுவிட்டாள். என்னைவிட மூன்று மடங்கு சம்பளம், தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம். இன்னொருவன் கட்சி ஒன்றின் ஐ.டி. பிரிவில். அவன் என்ன எழுதுகிறான் என்று அவனும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஒருத்தி மருத்துவமனை ஒன்றின் மக்கள் தொடர்பில் இருக்கிறாள், இருவர் கல்லூரியில் விஸ்காம் நடத்துகிறார்கள். அவர்களிடம் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சினிமா டைரக்டர் ஆக வந்தவர்கள். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போல, கல்லூரியில் இருக்கும்போதே களத்தில் இறக்கிவிடும் வழி கிடைத்தவர்கள்தான் அதிலும் எழுத்துப் பக்கம் நிற்கிறார்கள் என்று அந்த இருவரும் சொல்வார்கள். மீதிப் பேரில் சிலர் வங்கி, சிலர் குடும்பம், ஒருவன் சிவகாசியில் அச்சகம். அச்சகக்காரன்தான் எங்களில் வசதியானவன்.

முன்பெஞ்சில் இருந்து டீக்கடைக்கு வழி சொன்னானே, அவன் இப்போது உண்மை சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான். நாங்கள் படித்தபோது இப்படி ஒரு வேலையே கிடையாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின, நினைவிருக்கும். ரயில் நிலையங்களில் மூட்டையோடு கூட்டம். பிகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. பரவியதில் ஒரு வீடியோ, பிகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதியது என்று டி.ஜி.பி.யே வீடியோவில் வந்து சொன்னார். அந்த வாரம் என் நண்பன் தூங்கவில்லை. வீடியோவில் கடைப் பலகை எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ்காரர் தொப்பி எந்த நிறம் என்று ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் கேட்டேன், என்னடா பண்ற என்று. “எந்த ஊர் அருகேன்னு தேடிக்கிட்டிருக்கேன்” என்றான்.

படிப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்வதில்லை. சட்டத் தாளை ஒழுங்காக நடத்தும் இடமாகப் பார்த்துச் சேருங்கள், ஒரு மாதமாவது தாலுகா நிருபர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சுற்றுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டாவதைக் கேட்டதும் அம்மாக்களின் முகம் மாறும்.

பஸ் கவர் காலம் போய்விட்டது. இப்போது தாலுகாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்; எல்லாப் பத்திரிகை நிருபர்களும் அதிலேயே. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிப் போட்டால் மற்றவர்கள் அதையே எடுத்து அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் அவரவர் தவறு அவரவருடையது. அடுத்த பேப்பரைப் பார்த்தால் ஊர் வேறாக இருக்கும், சந்தேகம் வரும், போன் போடுவோம். இப்போது ஏழு பேப்பரிலும் ஒரே தவறு, ஒரே எழுத்துப் பிழையோடு. ஏழிலும் இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று எட்டாவது ஆள் நம்புகிறார்.

அந்த 47 வயதுக்காரருக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. அன்று டீ குடித்துவிட்டுப் போகும்போது ஆபீஸ் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். வருடத்துக்கு மூன்று நான்கு முறை கூப்பிடுவார். “செத்தவன் பேசுறேன் தாயி” என்றுதான் ஆரம்பிப்பார். கண்மாய் மடை உடைந்தது, ரேஷன் கடை திறக்காதது, டிரான்ஸ்பார்மர் வெடித்தது. எங்கள் தாலுகா நிருபருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். ஒரு முறைகூடத் தகவல் பிசகியதில்லை. வயது, தகப்பன் பெயர், தெரு எல்லாம் நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

போன மாதம் கூப்பிட்டார். ஊருக்கு மினிபஸ் வந்திருக்கிறதாம். எந்த நேரம், எந்த வழி, முதல் நாள் எத்தனை பேர் ஏறினார்கள் எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன். வைக்கப் போகும்போது, “ஏன் தாயி, ஒண்ணு கேக்கட்டா?” என்றார்.

“கேளுங்கய்யா.”

“எப்பப் பாத்தாலும் அந்த ஊரு அருகே எங்க ஊருன்னே போடுறீக. ஒரு நாளைக்கு எங்க ஊரு அருகே அந்த ஊருன்னு போட்டா என்ன?”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மணி ஒன்பது பத்து. செய்தியை நான்கு வரியாக அடித்து, தாலுகா ஊரின் பெயரைப் போட்டு, ‘அருகே’ போட்டு, புதுப்பட்டி போட்டேன். பக்கம் முடிக்கும் பையன் எட்டிப் பார்த்து, “மேடம், இது எந்தப் புதுப்பட்டி?” என்றான். சொன்னேன். பக்கம் போனது.